பாய்மர உச்சியில் ஒரு முக்கோணத் துணி

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் உங்களில் பலருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். அந்த அணியின் சின்னத்தில் ஒரு பனை இனத்து மரமும், அதனருகில் மூன்று ஸ்டம்புகளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் மாணவர்களே, உலகப் படத்தை விரித்து எவ்வளவு தேடினாலும் 'மேற்கிந்தியத் தீவுகள்' என்று ஒரு நாடு உங்களுக்குக் கிடைக்காது! ஜமைக்கா, பார்படோஸ், ஆன்டிகுவா, டொமினிக்கா, செயின்ட் லூசியா, கிரெனடா என்று ஒவ்வொன்றும் தனித்தனி நாடு. இடையிடையே பிரான்சுக்கும், பிரிட்டனுக்கும், நெதர்லாந்துக்கும், அமெரிக்காவுக்கும் உரிய தீவுகள் வேறு. கிரிக்கெட்டுக்காக மட்டும் பல தீவுகள் ஒன்றுசேர்ந்து ஒரே கொடியின் கீழ் ஆடுகின்றன. மைதானத்தை விட்டு வெளியே வந்தால் தீவுக்கு ஒரு கொடி.

இந்தத் தீவுகளில் பல, கரீபியன் கடலின் கிழக்கு எல்லையில் வில்லைப் போல வளைந்து வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு தீவின் மலையுச்சியில் நின்றால் அடுத்த தீவு தெரியும். பாய் விரித்த சிறு படகு காலையில் ஒரு நாட்டிலிருந்து கிளம்பி மாலைக்குள் இன்னொரு நாட்டை அடைந்துவிடலாம். ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று ஒரே சீராக வீசுகிறது. பாய்ப்படகு ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எனவே தீவுகளில் படகுச் சங்கங்கள் தோன்றின. யாட் கிளப் என்று அவற்றைச் சொல்வார்கள். ஜமைக்காவின் சங்கம் 1884லும், பார்படோஸ் சங்கம் 1924லும், ஆன்டிகுவா சங்கம் 1967லும் தொடங்கப்பட்டவை. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கொடி உண்டு. அது நாம் பள்ளியில் ஏற்றும் கொடியைப் போல் நீள்சதுரமாக இருக்காது. சிறிய முக்கோணமாக இருக்கும். அதன் பெயர் பர்ஜி.

கொடி என்றால் அலங்காரம் என்று நாம் நினைக்கிறோம். கடலில் அது அலங்காரம் அல்ல. தூரத்திலிருந்து, காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, வெறும் கண்ணால் படிக்க வேண்டிய ஒரு கடிதம். அந்தக் கடிதத்தின் வடிவத்தையும் நிறத்தையும் தீர்மானித்ததில் ஓவியர்களைவிடக் காற்றுக்கும் கண்ணுக்கும்தான் பங்கு அதிகம். எப்படி என்று பார்ப்போமா?

ஒரு படகில் நான்கு துணிகள்

ஆன்டிகுவா தீவின் தென்கரையில் ஃபால்மத் துறைமுகம் இருக்கிறது. அதை அடுத்தது இங்கிலீஷ் துறைமுகம். நெல்சன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி இளவயதில், 1784 முதல் 1787 வரை, அந்தப் பகுதியில்தான் பணியாற்றினார். அவர் காலத்துக் கப்பல் பழுதுபார்க்கும் துறை 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்தத் துறைமுகச் சுவர்மீது நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கடலிலிருந்து ஒரு பாய்ப்படகு உள்ளே வருகிறது. அதில் துணித் துண்டுகள் சில பறக்கின்றன.

பின்பக்கக் கம்பத்தில் பறப்பது, படகு எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டது என்று சொல்லும் நாட்டுக் கொடி. பாய்மரத்தின் நடுப்பகுதியில் கைகளை விரித்தாற்போல் இரு குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் வலப்புறம்தான் மரியாதைக்குரிய இடம். விருந்தினராக வந்திருக்கும் படகு, தான் நுழையும் நாட்டின் கொடியைச் சிறிய அளவில் அங்கே ஏற்ற வேண்டும். இதற்கு மரியாதைக் கொடி என்று பெயர். ஆனால் நாட்டுக்குள் நுழைய அனுமதி கிடைக்கும்வரை அந்த இடத்தில் மரியாதைக் கொடி ஏறாது. வெறும் மஞ்சள் துணி ஒன்று பறக்கும். அதன் கதை பெரிது. பிறகு சொல்கிறேன். நான்காவதாக, இடப்புறச் சட்டத்திலோ பாய்மரத்தின் உச்சியிலோ பறப்பதுதான் பர்ஜி. 'இந்தப் படகின் சொந்தக்காரர் இன்ன சங்கத்தின் உறுப்பினர்' என்பது அது சொல்லும் செய்தி.

சங்கத்தின் தலைவருக்குக் கமொடோர் என்று பெயர். அவர் படகில் ஏறியிருந்தால் முக்கோணத்துக்குப் பதிலாக மீன்வாலைப் போல நுனி பிளந்த கொடி பறக்கும். பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றும் சங்கங்களில், துணைத் தலைவரின் கொடியில் கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் ஒரு உருண்டைப் பொட்டு இருக்கும். அவருக்கு அடுத்தவரின் கொடியில் இரண்டு பொட்டுகள். பெயரையோ பதவியையோ எழுதவில்லை, பார்த்தீர்களா? பொட்டுகளை எண்ணினால் போதும். எழுத்தைப் படிக்க முடியாத தூரத்திலும் பொட்டை எண்ணிவிடலாம்.

ஏன் முக்கோணம்?

கொடி காற்றில் ஏன் படபடக்கிறது என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? துணியின் இருபுறமும் ஒரே வேகத்தில்தான் காற்று செல்கிறது. அப்படியானால் அது பலகையைப் போல நேராக அல்லவா நிற்க வேண்டும்?

துணியில் ஓரிடத்தில் மிகச் சிறிய மேடு ஒன்று ஏற்படுவதாக வைத்துக்கொள்வோம். மேட்டின் மேலே செல்லும் காற்று நெருக்கப்பட்டு வேகம் கொள்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும் என்பது நீங்கள் படித்த பெர்னூலியின் விதி. மறுபுறம் அதே இடம் பள்ளமாக இருக்கிறது. அங்கே காற்று வேகம் குறைந்து அழுத்தம் கூடுகிறது. ஆக, ஒருபுறம் இழுப்பு, மறுபுறம் தள்ளல். மேடு இன்னும் பெரிய மேடாகிறது. காற்றோடு சேர்ந்து அது கொடியின் நுனியை நோக்கி ஓடுகிறது. ஓட ஓட வளர்ந்து, நுனியில் சாட்டையைப் போலச் சொடுக்குகிறது. பழைய கொடி எதையாவது கவனித்துப் பாருங்கள். கம்பத்தை ஒட்டிய பக்கம் புதிதுபோல் இருக்கும். கிழிந்து நூல் நூலாய்த் தொங்குவது நுனிதான்.

நீள்சதுரத் துணி ஒன்றை எடுத்து, கம்பத்தை ஒட்டிய பக்கத்தை அப்படியே விட்டு, நுனியை மட்டும் ஒரு புள்ளியாகக் குறுக்கினால் என்ன ஆகும்? பரப்பு சரிபாதி ஆகிவிடுகிறது. காற்று கம்பத்தை இழுக்கும் விசையும் குறைகிறது. சொடுக்குகிற நுனியில் துணியே அதிகம் இல்லை. வியாபாரக் காற்று இரவும் பகலும் வாரக்கணக்கில் வீசும் கடலில் இது சின்ன விஷயம் அல்ல.

இன்னொரு நன்மையும் உண்டு. சூரியனுக்கு எதிரே பார்த்தால் கொடியின் நிறம் தெரியாது. கறுப்பு நிழல் மட்டுமே தெரியும். அந்த நிழல் நீள்சதுரமானால் நாட்டுக் கொடி. முக்கோணமானால் சங்கக் கொடி. நிறம் பொய்த்தாலும் வடிவம் பொய்ப்பதில்லை.

காற்றைப் படிக்கும் கருவி

பர்ஜி பழங்காலத்தில் பாய்மரத்தின் உச்சியில் இருந்ததற்குக் காரணம் பெருமை மட்டும் அல்ல. பாய்ப்படகு ஓட்டுகிறவருக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது நொடிக்கு நொடி தெரிந்தாக வேண்டும். கீழே பாய்களும் ஆட்களும் காற்றைக் குழப்புவார்கள். உச்சியில் காற்று தெளிவாக இருக்கும். அங்கே சுழலும் கம்பியில் கட்டிய சிறு முக்கோணம் நல்ல காற்றுத் திசைகாட்டி.

ஆனால் அது காட்டும் திசை உண்மையான காற்றின் திசை அல்ல! சைக்கிளில் வேகமாகச் செல்லும்போது, பக்கத்திலிருந்து வீசும் காற்றுக்கூட முன்னாலிருந்து முகத்தில் அடிப்பதுபோல் தோன்றும். படகிலும் அப்படித்தான். படகு 6 நாட் வேகத்தில் நேராகச் செல்கிறது என்போம். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். காற்று அதற்குச் செங்குத்தாக, பக்கவாட்டிலிருந்து 8 நாட் வேகத்தில் வீசுகிறது. படகில் இருப்பவர் உணரும் காற்றின் வேகம் எவ்வளவு? பைதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்: 36உம் 64உம் சேர்ந்து 100, அதன் வர்க்கமூலம் 10. அவர் மீது 10 நாட் காற்று வீசுகிறது. அதுவும் பக்கத்திலிருந்து அல்ல. படகின் மூக்கிலிருந்து சுமார் 53 பாகை விலகிய திசையிலிருந்து. பர்ஜி காட்டுவது இந்தத் 'தோற்றக் காற்றை'த்தான். பாயைச் சரிசெய்ய மாலுமிக்குத் தேவையானதும் அதுதான். ஆகவே பர்ஜி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொல்கிறது.

இன்று அந்த உச்சியில் மின்னணுக் காற்றுமானியும், வானொலி ஏரியலும், விளக்கும் உட்கார்ந்துவிட்டன. பர்ஜி பல படகுகளில் ஒரு படி கீழே, இடப்புறச் சட்டத்துக்கு இறங்கிவிட்டது.

கண் எவ்வளவு தூரம் படிக்கும்?

நல்ல பார்வையுள்ள மனிதக் கண், ஒரு கலை அளவுள்ள கோணத்தைத்தான் பிரித்தறியும். ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு ஒரு கலை. ஒரு பொருள் நம்மிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதில் சுமார் 3,440இல் ஒரு பங்கைவிடச் சிறியதாக இருந்தால் அது வெறும் புள்ளிதான். 100 மீட்டர் தூரத்தில் இந்த அளவு சுமார் 3 செ.மீ. 500 மீட்டரில் சுமார் 15 செ.மீ. ஒரு கிலோமீட்டரில் 29 செ.மீ.

ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. நீளமுள்ள பர்ஜியை 500 மீட்டரிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? நீளவாக்கில் மூன்றே புள்ளிகள்! அதன் நடுவில் நங்கூரமும், அதைச் சுற்றிக் கயிறும், மேலே கிரீடமும், கீழே லத்தீன் வாசகமும் நுணுக்கமாகத் தைத்திருந்தால் அந்தத் தையல்காரர் பாடுபட்டது அத்தனையும் வீண். நிறம் மாறும் இடம் ஒன்றோ இரண்டோதான் கண்ணுக்கு எட்டும். ஏழு மடங்கு பெருக்கும் பைனாகுலரை வைத்துப் பார்த்தால் 700 மீட்டர் தூரம் 100 மீட்டராகக் குறையும். அப்போதும் 3 செ.மீ.க்குக் குறைந்த கோடு தெரியாது.

பழைய சங்கங்களின் கொடிகள் பலவும் இரண்டு நிறங்களும் ஒரு சிலுவையுமாகவோ, ஒரு பட்டையும் ஒரு நட்சத்திரமுமாகவோ எளிமையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இப்போது அச்சடிப்பது எளிதாகிவிட்டதால், தென்னை மரமும் சூரிய அஸ்தமனமும் டால்பினும் ஒன்றாகச் சேர்ந்த கொடிகளையும் சிலர் ஏற்றுகிறார்கள். கையில் வைத்துப் பார்க்க அழகுதான். ஆனால் என்னைக் கேட்டால் அது படம், கொடி அல்ல.

நிறத்திலும் இதே சிக்கனம் வேண்டும். கப்பல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான அனைத்துலகச் சமிக்ஞைக் கொடிகள் 1857இல் பிரிட்டனில் தொகுத்த முறையிலிருந்து வளர்ந்தவை. அவற்றில் இன்று ஐந்தே நிறங்கள்தான்: சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை. பச்சை ஏன் இல்லை? சிறிய பச்சைத் துணியும் சிறிய நீலத் துணியும் தூரத்தில் ஒன்றுபோலவே இருண்டு தெரியும். போதாததற்கு, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடர்களும் மாலுமிகளில் இருப்பார்கள். ஆனால் நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளும், கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளையும் யார் கண்ணிலும் படும்.

உப்புக் குவியலில் ஒரு வாசல்

தூரத்திலிருந்து பார்ப்பவர் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. கரீபியன் பகுதியின் வடக்கே டர்க்ஸ்-கைக்கோஸ் என்ற தீவுக் கூட்டம் பிரிட்டனின் ஆட்சியில் இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் உப்பு விளைவிப்பதுதான் முக்கியத் தொழில். கடற்கரையில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைக்கப்பட்டிருக்கும். எனவே தீவின் சின்னத்தில் ஒரு கப்பலும், கரையில் இரண்டு உப்புக் குவியல்களும் வரையப்பட்டன. கொடியில் பொறிப்பதற்காக அந்தப் படம் லண்டனுக்குப் போயிற்று. அங்கிருந்த ஓவியர் அந்தத் தீவைக் கண்டவர் அல்லர். வெள்ளை வெள்ளையான மேடுகளைப் பார்த்தார். வடதுருவத்து எஸ்கிமோக்களின் பனி வீடு என்று முடிவு கட்டினார். ஒரு குவியலுக்கு அழகான வாசலும் வைத்துவிட்டார் என்பார்கள்! கொதிக்கும் வெயிலடிக்கும் தீவின் கொடியில் அந்தப் பனி வீடு பல பத்தாண்டுகள் பறந்தது. 1960களில் புதிய சின்னம் வந்த பிறகே அது மறைந்தது. புதிய சின்னத்தில் சங்கு, சிங்கி இறால், கள்ளி ஆகிய மூன்றும் இடம்பெற்றன. மூன்றும் அந்த மண்ணிலும் கடலிலும் உள்ளவை.

இப்படி உயிரினங்களைச் சின்னமாகக் கொண்ட தீவுகள் பல. அங்குவில்லா தீவின் கொடியில் மூன்று டால்பின்கள். கேமன் தீவுகளின் சின்னத்தில் ஒரு ஆமை. 1503இல் கொலம்பஸ் அங்கே கண்ட ஏராளமான ஆமைகளை வைத்து அத்தீவுகளுக்கு ஆமைத் தீவுகள் என்றே பெயரிட்டிருந்தார். பெரும் பணக்காரர்களின் உல்லாசப் படகுகள் பல கேமனில் பதிவு செய்யப்பட்டவை. ஆகவே உலகின் எந்தத் துறைமுகத்திலும் சிவப்புக் கொடியில் அந்த ஆமையைக் காணலாம். ஆனால் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்!

தீவுக்குத் தீவு மாறும் கொடி

இப்போது நமது படகு ஆன்டிகுவாவிலிருந்து தெற்கே புறப்படட்டும். அடுத்த தீவு குவாதலூப். அது 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். எனவே பிரான்சின் நீலம்-வெள்ளை-சிவப்புக் கொடியை ஏற்ற வேண்டும். (நம் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து 1850களில் தொடங்கிப் பல ஆயிரம் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன தீவுகளில் இதுவும் ஒன்று.) பிரான்சின் கப்பல்களில் பறக்கும் கொடியை அளந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நீலம் 30 பங்கு, வெள்ளை 33 பங்கு, சிவப்பு 37 பங்கு. மூன்றும் சமமில்லை! நுனிப்பக்கம் அதிகம் மடிந்து படபடப்பதால் அங்குள்ள பட்டை குறுகித் தெரியும். அதை ஈடுகட்ட, நுனிக்குப் போகப்போகப் பட்டையை அகலமாக்கிவிட்டார்கள். காற்றில் ஆடும்போது மூன்றும் சமமாகத் தோன்றும். மேசைமேல் விரித்தால் தவறு. கடலில் பறந்தால் சரி.

குவாதலூப்புக்குத் தெற்கே டொமினிக்கா. இதன் கொடியில் பச்சை நிலத்தின் நடுவே சிவப்பு வட்டம். அதைச் சுற்றிப் பத்து நட்சத்திரங்கள். உள்ளே ஒரு கிளி. சிசெரு என்று அந்த மக்கள் அழைக்கும் இந்தக் கிளியின் மார்பு ஊதா நிறம். நாட்டுக் கொடிகளில் ஊதா நிறத்தைக் காண்பது மிக அரிது. 1978இல் நாடு விடுதலை பெற்றபோது கிளி கொடியின் நுனியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. 1988இல் அதைக் கம்பத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். கொடியில் கம்பத்தின் பக்கம்தான் முன்பக்கம். விலங்கும் பறவையும் அந்தப் பக்கமே பார்க்க வேண்டும் என்பது வழக்கம். கொடியைத் தாங்கிய கம்பத்தோடு முன்னே நடந்து பாருங்கள், காரணம் விளங்கும். நுனியைப் பார்க்கும் கிளி பின்வாங்கி ஓடுவதுபோல் தோன்றும்!

இந்தக் கிளி உலகில் வேறெங்கும் இல்லை. டொமினிக்காவின் மலைக் காடுகளில் மட்டுமே வாழ்கிறது. 1979இல் டேவிட் என்ற புயல் அந்தக் காடுகளைச் சூறையாடியது. மெல்ல மெல்லத் தேறி வந்த வேளையில், 2017 செப்டம்பரில் மரியா என்ற புயல் மிக உயர்ந்த ஐந்தாம் நிலை வேகத்தில் தீவைத் தாக்கியது. மரங்களில் இலை இல்லை, கிளை இல்லை, கனி இல்லை. மெதுவாக இனம் பெருக்கும் பறவை அது. இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் பறவைகளின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. அந்நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு படகும் மரியாதைக்காக ஒரு சிசெருவை ஏற்றுகிறது. படகுகளில் பறக்கும் துணிக் கிளிகளைவிடக் காட்டில் பறக்கும் கிளிகள் குறைவாக இருக்கும் நாளும் உண்டு போலும்.

கிரெனடாவின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1974இல் வந்த அதன் கொடியில், கம்பத்தை ஒட்டி ஒரு ஜாதிக்காய் வரையப்பட்டுள்ளது. 2004இல் ஐவன் புயல் அத்தீவின் ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. நட்ட கன்று காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

மஞ்சள் கொடி

மஞ்சள் துணிக்கு வருவோம். கரீபியன் கடலுக்கு வந்த ஐரோப்பிய மாலுமிகள் பீரங்கியைவிட அதிகமாகப் பயந்தது மஞ்சள் காய்ச்சலுக்குத்தான். 1802இல் நெப்போலியன் அனுப்பிய பெரும்படை இன்றைய ஹெய்ட்டியில் இறங்கியது. படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் இந்த நோயால் மடிந்தார்கள். தளபதி லெக்ளேரும் அதே ஆண்டில் அதற்கே பலியானார். நோய் எப்படிப் பரவுகிறது என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நோயுள்ள கப்பல் துறைமுகத்துக்குள் வந்தால் ஊருக்கும் நோய் வரும். எனவே அப்படிப்பட்ட கப்பலில் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். யாரும் இறங்கக் கூடாது. யாரும் ஏறக் கூடாது. 'மஞ்சள் ஜாக்' என்று கொடியின் பெயரையே மாலுமிகள் நோய்க்கும் வைத்துவிட்டார்கள்.

கியூபாவின் ஹவானா நகரில் கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர் 1881இல், இந்த நோயைக் கொசுவே பரப்புகிறது என்றார். பலர் சிரித்தார்கள். 1900இல் அதே ஹவானாவில் வால்டர் ரீட் தலைமையில் வந்த அமெரிக்க மருத்துவக் குழு சோதனைகள் நடத்தி அவர் சொன்னது சரி என்று காட்டியது. கப்பல்களின் குடிநீர்ப் பீப்பாய்களே அந்தக் கொசுவின் நாற்றங்கால்! 1937இல் மாக்ஸ் தைலர் தடுப்பூசியை உருவாக்கினார். அதற்காக 1951இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நோயின் மர்மம் விலகியது. கொடியின் பொருளும் தலைகீழாக மாறியது. இன்றைய அனைத்துலகச் சமிக்ஞை முறையில் வெறும் மஞ்சள் கொடிக்கு 'கியூ' என்று பெயர். 'என் படகில் எல்லோரும் நலம்; கரையோடு கலந்து பழக அனுமதி வேண்டும்' என்பது அதன் பொருள். அன்று 'கிட்டே வராதே' என்று எச்சரித்த அதே துணி, இன்று 'உள்ளே வரலாமா?' என்று கேட்கிறது. படகின் தலைவர் மட்டும் தாள்களோடு கரையிறங்கிச் சுங்க, குடியேற்ற அலுவலகங்களுக்குச் சென்று வருவார். அனுமதி கிடைத்ததும் மஞ்சள் கொடி இறங்கும். அந்த இடத்தில் மரியாதைக் கொடி ஏறும்.

இது வெறும் சடங்காகிவிட்டது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு 2020ஆம் ஆண்டு வந்தது. கொரோனா பரவிய அந்த மார்ச்சில் பல தீவுகள் தம் துறைமுகங்களை மூடிவிட்டன. நடுக்கடலில் இருந்த படகுகளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. மீண்டும் திறந்தபோதும், வந்தவர்கள் மஞ்சள் கொடியின் கீழ் நங்கூரமிட்டு, நாட்கணக்கில் படகிலேயே தனித்திருக்க நேர்ந்தது. நெல்சன் காலத்து மாலுமி ஒருவன் அந்தத் துறைமுகத்தைப் பார்த்திருந்தால் யாரும் அவனுக்கு எதையும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

வெடிச் சத்தத்தை நம்பாதே!

படகுச் சங்கங்களின் பெரிய வேலை பந்தயம் நடத்துவது. ஆன்டிகுவாவின் பாய்ப்படகு வாரம் 1968இல் தொடங்கியது. பந்தயம் தொடங்கும்போது ஓட்டக்காரர்களைப் போலப் படகுகள் கோட்டில் அசையாமல் நிற்க முடியாது. சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். எனவே ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடத்துக்கு முன் ஆயத்தக் கொடி ஏறும். ஒரு நிமிடத்துக்கு முன் அது இறங்கும். முதற்கொடி இறங்கும் கணமே புறப்பாடு. ஒவ்வொரு தடவையும் வெடியோ குழலோ ஒலிக்கும். ஆனால் விதிப் புத்தகம் சொல்வது: நேரத்தைக் கொடியைப் பார்த்தே கணக்கிட வேண்டும்; ஒலி கேட்காவிட்டாலும் கவலையில்லை.

ஏன் தெரியுமா? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். கோட்டின் மறு கோடியில் 510 மீட்டருக்கு அப்பால் இருக்கும் படகுக்கு வெடிச் சத்தம் ஒன்றரை நொடி தாமதமாகக் கேட்கும். 6 நாட் வேகத்தில் செல்லும் படகு அதற்குள் நாலரை மீட்டருக்கு மேல் போய்விடும். கொடியிலிருந்து வரும் ஒளிக்கோ அந்தத் தூரம் ஒரு பொருட்டே அல்ல. பந்தயம் நடக்கும்போது படகுகள் தம் நாட்டுக் கொடியை இறக்கிவிடுவது பழைய வழக்கம். கொடி இல்லாத படகு பந்தயத்தில் இருக்கிறது என்று மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். கொடி இல்லாததும் ஒரு செய்தியே!

செய்து பாருங்கள்

வெள்ளைத் தாளில் ஒரு செ.மீ. அகலத்தில் கறுப்புப் பட்டைகளை, இடையில் ஒரு செ.மீ. விட்டு வரைந்து பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். அதைப் பார்த்தபடியே பின்னால் நடந்து செல்லுங்கள். எந்த இடத்தில் பட்டைகள் கலந்து ஒரே சாம்பல் நிறமாகின்றன? கணக்குப்படி அது சுமார் 34 மீட்டர். உங்கள் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் என்ன தூரம் வருகிறது என்று அளந்து எழுதுங்கள். யாருக்காவது மிகவும் குறைவாக வந்தால் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அடுத்து அதே அகலத்தில் வெள்ளையின்மேல் மஞ்சள், பச்சையின்மேல் நீலம், மஞ்சளின்மேல் நீலம் என்று பட்டைகள் வரைந்து ஒப்பிடுங்கள். உங்கள் விஞ்ஞான மன்றத்துக்கு ஒரு கொடி தைக்க வேண்டுமானால் எந்த இரண்டு நிறங்களை எடுப்பீர்கள் என்பது அப்போது தெரியும்.

பிறகு ஒரு சிவப்புத் தாளையும், பகல் வெளிச்சத்தில் அதே அளவு பளிச்சென்று தெரியும் ஒரு நீலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, சூரியன் மறைந்த பிறகு விளக்குப் போடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். இருட்ட இருட்ட, எது முதலில் கறுக்கிறது?